திறமைக்கு விசா, பிடி முதலாளி கையில்

பிரிட்டனுக்கு வேலைக்குப் போக நினைக்கும் வெளிநாட்டவர் 70 புள்ளிகள் எடுத்தாக வேண்டும். ‘திறன்மிகு தொழிலாளர் விசா’ என்ற பெயரில் 2020 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த கணக்கு இது. 2008 முதல் இருந்துவந்த ‘டியர் 2’ விசாவின் இடத்துக்கு இது வந்தது. அரசிடம் உரிமம் பெற்ற முதலாளி ஒருவர் வேலை தர முன்வந்தால் 20 புள்ளிகள். அந்த வேலை அரசு வகுத்த தரத்தில் இருந்தால் 20. ஆங்கிலம் தெரிந்தால் 10. சம்பளம் வரம்பைத் தொட்டால் 20. இந்த எழுபதில் விண்ணப்பதாரர் தம் சொந்தத் தகுதியைக் காட்டி எடுப்பவை ஆங்கிலத்துக்கான 10 புள்ளிகள் மட்டுமே. வயது 26க்குக் குறைவாக இருந்தாலோ, வேலைக்குப் பொருத்தமான முனைவர் பட்டம் இருந்தாலோ சம்பள வரம்பு ஓரளவு இறங்கும். ஆனால் அந்தச் சம்பளத்தைத் தருவதும் முதலாளிதான். ஆக, திறமைசாலிகளுக்கான விசா என்று சொல்லப்படும் ஒன்றில் எழுபதுக்கு அறுபது புள்ளிகள் முதலாளியின் கையில் இருக்கின்றன. ஸ்பான்சர் விசாவின் நிபந்தனைகளைப் பற்றிப் பேசும்போது சம்பள வரம்பு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகளே முன்னால் வந்து நிற்கின்றன. நிபந்தனைகள் கடுமையா, தளர்வா என்பதைவிட, அவை தொழிலாளியை யாரிடம் ஒப்படைக்கின்றன என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் நிபந்தனை முதலாளிக்கானது. பிரிட்டனில் இயங்கும் எந்த நிறுவனமும் நினைத்த மாத்திரத்தில் வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்துவிட முடியாது. உள்துறையிடம் அதற்கான உரிமம் வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி உரிமக் கட்டணம் சிறு நிறுவனத்துக்கு 574 பவுண்டு, பெரிய நிறுவனத்துக்கு 1,579 பவுண்டு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசு பொதுவில் வெளியிடுகிறது; யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற நிறுவனம், தான் எடுக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்பான்சர் சான்று வழங்க வேண்டும். சான்று என்ற பெயர்தான் உண்டே தவிர அது கையில் வாங்கிக்கொள்ளும் தாள் அல்ல. உள்துறையின் கணினியில் முதலாளி பதிவுசெய்யும் ஒரு மின்பதிவு. விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது அதன் எண் மட்டுமே. வேலையின் பெயர், தொழில் வகைப்பாட்டுக் குறியீடு, ஆண்டுச் சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, வேலையிடத்தின் முகவரி, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய அத்தனையும் அந்தப் பதிவில் அடங்கும். மூன்று மாதத்துக்குள் அந்த எண்ணை வைத்து விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு பதிவை முதலாளி திரும்பப் பெற்றால் மற்ற ஆவணங்கள் எல்லாம் கையில் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது நிபந்தனை வேலையின் தரம். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான வேலை பொதுவாகப் பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும். அதற்கு முன் பள்ளி மேல்நிலைக் கல்விக்கு நிகரான நிலையே போதுமானதாக இருந்தது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டப்படிப்பு நிலை என்பது வேலைக்கான அளவுகோல். விண்ணப்பிப்பவரிடம் பட்டம் இருக்கிறதா என்று விசா விதி பொதுவாகக் கேட்பதில்லை. அந்த வேலைக்கு இவர் ஏற்றவர் என்று முடிவு செய்வதை அரசு முதலாளியிடமே விட்டுவிட்டது. மருத்துவர், செவிலியர் போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் நிலைமை வேறு. செவிலியருக்கு அங்குள்ள செவிலியர் கவுன்சிலில் பதிவு தேவை. அதற்குக் கணினிவழித் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். செய்முறைத் தேர்வைப் பிரிட்டனுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வேண்டும். ஒரு சுதந்திரமான தொழில் அமைப்பு தனிமனிதரின் திறமையை நேரடியாகச் சோதிப்பது இத்தகைய தொழில்களில்தான். மென்பொருள், கணக்கியல், சந்தைப்படுத்தல் போன்ற துறைகளில் திறமைக்கு ஒரே சாட்சி முதலாளி.

மூன்றாவது நிபந்தனையான சம்பளம்தான் அரசியல் மேடைகளில் அதிகம் அடிபடுவது. தொடக்கத்தில் பொது வரம்பு ஆண்டுக்கு 25,600 பவுண்டு. 2023 ஏப்ரலில் 26,200 ஆனது. 2024 ஏப்ரல் 4 அன்று ஒரே தாவலில் 38,700. 2025 ஜூலை 22 அன்று 41,700. ஐந்து ஆண்டு நிறைவதற்குள் வரம்பு அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. இதோடு ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக ஒரு நடப்புச் சம்பள விகிதம் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். அந்த விகிதம் முன்பு அத்தொழிலின் சம்பள வரிசையில் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் இருந்தது. 2024இல் நடுப்புள்ளிக்கு உயர்த்தப்பட்டது. ஆங்கிலத் தரமும் இப்படியே ஏறியிருக்கிறது. பி1 நிலை போதும் என்றிருந்தது, புதிதாக வருபவர்களுக்கு 2026 ஜனவரி 8 முதல் பி2 ஆனது. இவை தவிர, இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து விண்ணப்பிப்போர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும். முதலாளி பொறுப்பேற்காவிட்டால் வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்ததாகவும் காட்ட வேண்டும்.

நான்காவதாகச் செலவு. ஐந்தாண்டு விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி ஒருவருக்கு 1,519 பவுண்டு. இதைவிடப் பெரிய சுமை குடியேற்ற மருத்துவக் கட்டணம். 2024 பிப்ரவரியில் அது ஆண்டுக்கு 624 பவுண்டிலிருந்து 1,035 ஆனது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 776. ஐந்தாண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மருத்துவக் கட்டணம் மட்டும் 18,110 பவுண்டு. விசாக் கட்டணத்தையும் சேர்த்தால் 24,186 பவுண்டு. மருத்துவ, பராமரிப்புத் துறை விசா வாங்குவோருக்கு மருத்துவக் கட்டணம் கிடையாது. மற்றவர்களுக்கு விமானம் ஏறும் முன்பே இவ்வளவு பணம் போய்விடும். முதலாளிக்கும் செலவு உண்டு. 2025 ஏப்ரல் நிலவரப்படி ஒவ்வொரு சான்றுக்கும் 525 பவுண்டு. அதோடு குடியேற்றத் திறன் கட்டணம் என்ற பெயரில் பெரிய நிறுவனம் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டி வந்தது, 2025 டிசம்பர் 16 முதல் அது 1,320 ஆனது. இந்தத் திறன் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. சான்றுக் கட்டணத்தையும் உரிமக் கட்டணத்தையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்ற விதி 2024 டிசம்பர் 31 அன்றுதான் வந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் நுழைவதற்கான நிபந்தனைகள். நுழைந்த பிறகு தொடரும் நிபந்தனை ஒன்றுதான். கட்டண அட்டவணை எதிலும் இல்லாத அதுவே எல்லாவற்றையும்விடக் கனமானது. விசா அந்த முதலாளியிடம், அந்த வேலைக்கு மட்டுமே செல்லும். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சில வகைத் துணை வேலைகளைச் செய்யலாம் என்பது தவிர, வேறிடத்தில் வேலை பார்க்கும் உரிமை கிடையாது. முதலாளியை மாற்ற வேண்டுமானால் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, புதிய சான்று வாங்கி, புதிய கட்டணம் செலுத்தி, புதிய விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்த பிறகே அங்கே வேலையில் சேரலாம். தொழிலாளி வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ பத்து வேலை நாட்களுக்குள் முதலாளி உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விசாவைச் சுருக்கி உள்துறை கடிதம் அனுப்பினால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அந்த இரண்டு மாதத்தில் புது ஸ்பான்சர் கிடைக்காவிட்டால், பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம், ஊரில் வாங்கிய கடன் எல்லாவற்றோடும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஓவர்டைம் கூலியைக் கேட்கவும், விடுப்பு கேட்கவும், விதி மீறலைப் புகாராகச் சொல்லவும் ஒருவருக்குத் துணிவு வருமா என்பதை இந்த 60 நாள்தான் தீர்மானிக்கிறது.

இது வெறும் அச்சமல்ல என்பதற்குப் பிரிட்டனின் முதியோர் பராமரிப்புத் துறை சாட்சி. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க 2022 பிப்ரவரி 15 அன்று பராமரிப்பு ஊழியர் வேலையும் இந்த விசாவின்கீழ் கொண்டுவரப்பட்டது. அந்தத் துறையில் உரிமமும் சான்றும் எப்படி வழங்கப்பட்டன என்பதைக் குடியேற்றத் துறையின் தலைமைத் தற்சார்பு ஆய்வாளராக இருந்த டேவிட் நீல் ஆராய்ந்தார். அந்த ஆய்வறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. இல்லவே இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரில் 275 சான்றுகள் வழங்கப்பட்டிருந்தன. நான்கு ஊழியர்களே இருப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 1,234 சான்றுகள் போயிருந்தன. ஏஜென்ட்டுகளிடம் பெருந்தொகை கொடுத்து வந்து இறங்கியவர்களில் பலருக்கு வேலையே இல்லை. வேலை கிடைத்தவர்களிலும் பலருக்குச் சொன்ன மணி நேரமும் இல்லை, சம்பளமும் இல்லை. 2022 ஜூலை தொடங்கி 2024 டிசம்பர் வரை இத்துறையில் 470க்கும் மேற்பட்ட உரிமங்களை அரசு ரத்து செய்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கும் அதிகம். இங்கேதான் விதியின் அநீதி பளிச்சென்று தெரிகிறது. தவறு செய்தது முதலாளி. அவருக்குத் தண்டனை உரிமம் பறிபோவது. ஆனால் அதே உத்தரவு, ஏமாற்றப்பட்ட தொழிலாளியின் விசாவையும் கூடவே பறிக்கிறது. முதலாளியைப் பற்றிப் புகார் கொடுப்பவர் தம் விசாவுக்குத் தாமே முடிவு கட்டிக்கொள்கிறார். புகார்கள் ஏன் அரிதாகவே வருகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏமாற்றியவர்கள் ஏஜென்ட்டுகள்தானே, விதியைக் குறை சொல்வானேன் என்று ஒரு மறுப்பு எழும். ஏஜென்ட்டுகளின் குற்றத்தை யாரும் மறுக்கவில்லை. பிரிட்டனில் வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பும் இருக்கிறது. இலங்கையில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஏஜென்சிகளுக்கு உரிமம் தருகிறது. தமிழ்நாடு அரசு தன் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் வழியாகச் செவிலியர் உள்ளிட்டோரை நேரடியாகவே வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறது. இத்தனை சட்டமும் அமைப்பும் இருந்தும் சான்று லட்சக்கணக்கில் விலை போவது எதனால்? ஒரே ஒரு மனிதர் மட்டும் தரக்கூடிய, அவர் நினைத்தால் திரும்பப் பெறக்கூடிய, வேறு எவரும் ஈடு செய்ய முடியாத ஒரு பதிவுக்கு விலை ஏறத்தான் செய்யும். வந்து இறங்கியபின் உண்மையான முதலாளி எவரிடமும் எளிதாக மாறலாம் என்ற நிலை இருந்தால், போலி முதலாளி விற்கும் சான்றுக்கு மதிப்பு இருக்காது. ஏஜென்ட்டின் பேராசை அந்தச் சந்தையில் லாபம் பார்க்கிறது; சந்தையை உருவாக்கியது விதி.

பிரிட்டன் தேர்ந்தெடுத்த தீர்வு வேறு. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பு ஊழியர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாமல் போனது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டிலிருந்து அவர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்குச் சம்பள வரம்பும் ஆங்கிலத் தரமும் கட்டணமும் ஏறின. உயர்ந்த சம்பள வரம்பு சுரண்டலைத் தானாகத் தடுத்துவிடும் என்பது இதன் அடியிலுள்ள நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. மலிவான கூலிக்கு ஆள் கொண்டுவரும் வழியை வரம்பு அடைக்கிறது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி சரியாமல் காக்கவும் உதவுகிறது. ஆனால் 41,700 பவுண்டு என்பது சான்றில் எழுதப்படும் தொகை. அதே சம்பளத்துக்கு எழுதியதைவிட அதிக மணி நேரம் வேலை வாங்கினாலோ, கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பி வாங்கினாலோ, தொழிலாளி வாய் திறந்தால் மட்டுமே வெளியே தெரியும். வாய் திறந்தால் விசா போகும் என்ற நிலையில் வரம்பு எவ்வளவு உயர்ந்தாலும் அது காகிதத்திலேயே நிற்கும். சம்பளம் குறைந்தால் வேறிடம் போய்விடுவேன் என்று சொல்லக்கூடியவருக்குத்தான் சம்பளப் பாதுகாப்பு உண்மையில் கிடைக்கிறது. உள்ளூர்த் தொழிலாளியின் நலனும் அதில்தான் இருக்கிறது. எங்கும் போக முடியாதவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும்வரை உள்ளூர்த் தொழிலாளியின் பேரம் பேசும் பலமும் குறையும்.

முதலாளியோடு கட்டிப்போடாமல் ஸ்பான்சர் முறையை நடத்த முடியுமா என்ற ஐயத்துக்கு மற்ற நாடுகளின் அனுபவம் பதில் தருகிறது. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்ற அறிவிப்பு வேறு. நுழைவதில் அவ்வளவு கடுமையான நாடும்கூட 2000ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு வழி திறந்தது: எச்-1பியில் இருப்பவருக்காகப் புது முதலாளி மனு தாக்கல் செய்தாலே போதும், முடிவுக்குக் காத்திராமல் அவரிடம் வேலையைத் தொடங்கலாம். கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டவருக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இந்தியர்களை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்து, இந்தச் சுதந்திரத்தைப் பெருமளவு குறைக்கிறது என்பதும் உண்மை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. ஸ்பான்சரை விட்டு விலகியவருக்கு முன்பு 60 நாள். இப்போது ஒரே தடவையில் 180 நாள், விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். அந்த அவகாசத்தில் வேறு முதலாளியிடம் வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கனடா 2019 ஜூன் முதல், கொடுமைக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு எந்த முதலாளியிடமும் வேலை செய்யத் தனி அனுமதி தருகிறது. கத்தார்கூட, தொழிலாளியை முதலாளியோடு பிணைக்கும் கபாலா முறையின் ஆணிவேராக இருந்த பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று 2020இல் சட்டம் மாற்றியது. வளைகுடாவின் அந்த முறையைக் கண்டித்துப் பேசும் நாடுகள், தங்கள் விசாவில் அதே பிணைப்பு வேறு பெயரில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாளிகளின் ஆட்சேபம் நியாயமானது. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவு கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து ஒருவரைக் கொண்டுவருகிறோம். வந்த மறுவாரமே அவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டால் நஷ்டத்தை யார் தாங்குவது என்று கேட்கிறார்கள். அந்த நஷ்டத்தின் பெரும்பகுதி அரசு விதித்த கட்டணத்தால் வந்தது. ஆகவே அதைப் பகிரும் வழியையும் அரசே வகுக்கலாம். தொழிலாளி இடையில் விலகினால் திறன் கட்டணத்தின் மீதியைத் திருப்பித் தரும் ஏற்பாடு இப்போதே இருக்கிறது. புது முதலாளி முதல் ஆண்டுச் செலவில் உரிய பங்கைப் பழையவருக்குச் செலுத்தவும் விதி செய்யலாம். உள்ளூர் ஊழியர் ஒருவருக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் அவர் விலகிப் போகும் அபாயத்தை ஏற்றுத்தான் தருகிறது. அதற்காக அவரை நாடு கடத்தும் அதிகாரத்தை யாரும் கேட்பதில்லை. அரசின் ஆட்சேபம் வேறு: கட்டுப்பாடு தளர்ந்தால் திறன் வேலைக்கென்று வந்தவர் எதையாவது செய்துகொண்டு தங்கிவிடுவார். அந்தக் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 இறுதி முதல் 2024 முடிய இந்த விசா வழியில், குடும்பத்தினரையும் சேர்த்து, விண்ணப்பித்தவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். ஆனால் விசாவைத் தொழிலோடும் சம்பள வரம்போடும் கட்டலாம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலுக்குள் மட்டும் மாறலாம் என்று வைக்கலாம். மாறியதை இணையத்தில் பதிவு செய்யச் சொல்லலாம். யார் எங்கே வேலை செய்கிறார் என்பது அப்போதும் அரசுக்குத் தெரியும். கைமாறுவது கட்டுப்பாடு அல்ல. ஒரு தனியாரிடம் தேங்கியிருந்த அதிகாரம்.

இந்தச் சீர்திருத்தம் இன்று இன்னும் அவசரமாகிறது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்தாண்டு போதும் என்றிருந்ததைப் பொதுவாகப் பத்தாண்டாக்கலாம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் பிரிட்டன் அரசு முன்மொழிந்தது. பிணைப்பு இப்போதுள்ளபடியே இருக்க, காலம் மட்டும் இரட்டிப்பானால், ஒரு முதலாளியின் தயவில் வாழும் ஆண்டுகளும் இரட்டிப்பாகும். ஆங்கிலம் கேளுங்கள், தொழில்தேர்வு வையுங்கள், முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒரு நாடு தன் எல்லைக்குள் யார் வருவது என்று தீர்மானிப்பதில் தவறில்லை. வந்தவரின் திறமையை மெச்சி அழைத்துவிட்டு, அந்தத் திறமையை வேறெங்கும் கொண்டுபோக விடாமல் தடுப்பதுதான் தவறு. உரிமம் ரத்தானால் அந்த நிறுவனத்தின் தொழிலாளிக்கு விசா தொடரட்டும். 60 நாள் 180 ஆகட்டும். அந்த நாட்களில் அவர் உழைத்துச் சாப்பிடட்டும். புது முதலாளி விண்ணப்பித்த நாளிலேயே அவர் வேலை தொடங்கட்டும். நான்குமே வேறு வேறு நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் நடைமுறையில் இருப்பவை அல்லது அவற்றிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருப்பவை. புறப்படத் தயாராகும் நம்மவர்களும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், ஸ்பான்சர் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, வேலை பிடிக்காவிட்டால் மாற என்ன வழி, எத்தனை நாள் அவகாசம் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு விசா எவ்வளவு நல்லது என்பதை, அதை வாங்கித் தந்தவரை விட்டு விலகும்போது அது எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.